தாமான் வீடுகளில் பூனை வழக்கு: வளர்ப்பவரும் பக்கத்து வீட்டாரும் செய்ய வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், இருபதடி அகலமுள்ள ஓரடுக்கு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஒருவர் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுச் சாமிப் படம் ஆடும். இப்படிப்பட்ட வரிசையில் பூனைக்கு மட்டும் சுவரும் இல்லை, கேட்டும் இல்லை. அது ஒரு வீட்டில் உண்டு, இன்னொரு வீட்டுக் கீரைப் பாத்தியில் மலம் கழித்து, மூன்றாம் வீட்டு மோட்டார் சைக்கிள் இருக்கையில் நகம் தீட்டி, நான்காம் வீட்டுக் காரின்மேல் உறங்கும். பத்து ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்கு ஒரே வேனில் போய் வந்த இரண்டு குடும்பங்கள் ஒரு பூனையால் பேச்சை நிறுத்திக்கொண்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே இதைச் சிறு விஷயம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இந்த வழக்கு இருந்ததில்லை என்று மூத்தவர்கள் சொல்வது பெருமளவு உண்மைதான். அரிசி மூட்டையையும் கோழித் தீவனத்தையும் எலியிடமிருந்து காப்பது பூனையின் வேலையாக இருந்தது. அது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. லயத்தின் பின்புறம் மண்ணும் புதரும் பால்மரமும் பரந்து கிடந்ததால் அதன் மலமோ சண்டையோ குட்டியோ எவர் கண்ணையும் உறுத்தவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, நாம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, வந்தால் ஒரு கை சோறு வைப்போம், மற்றபடி அது தன் பாட்டுக்குத் திரியட்டும் என்ற வழக்கத்தையும் கூடவே எடுத்து வந்தோம். இங்கே இருப்பதோ சிமெண்டு போட்ட முற்றமும் நான்கு பூந்தொட்டிகளும்தான். எனவே எதிர்வீட்டுக்காரர் அக்கறையற்றவர் என்ற முடிவோடு தொடங்காமல், லயத்துப் பழக்கத்தைத் தாமானிலும் தொடர்ந்துகொண்டிருக்கிறார் என்ற புரிதலோடு தொடங்குங்கள். பேச்சின் தொனியே மாறிவிடும்.

நான் இரண்டு பக்கத்திலும் நின்றவன். எங்கள் பெட்டைப் பூனை, இரவு வேலை முடித்துக் காலையில் தூங்கும் பக்கத்து வீட்டுத் தம்பியின் மோட்டார் இருக்கையைக் கிழித்தது. எங்கள் பூனையாக இருக்காது என்று மூன்று வாரம் சாதித்தேன். அவர் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டிய பிறகுதான் வாயடைத்துப்போய், புதிய உறைக்கு 60 ரிங்கிட் கொடுத்தேன். பணத்தைவிட அந்த மூன்று வார மறுப்புதான் அவருக்கு வலித்தது என்பதைப் பின்னர் அவரே சொன்னார். அதன்பின் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் குழுவில் இருந்த காலத்தில் இத்தகைய வழக்குகள் பலவற்றில் உடன் உட்கார்ந்திருக்கிறேன். கீழே எழுதுபவை அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் வந்தவை.

அது யாருடைய பூனை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"நான் வளர்க்கவில்லை, சோறு மட்டும்தான் வைக்கிறேன்" என்பதே இந்த வழக்குகளில் நான் அதிகம் கேட்ட பதில். இதை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பூனைக்கு ஒரு மாதம் தொடர்ந்து உணவு வைத்தால், அது உங்கள் வாசலை நம்பித்தான் அந்தத் தெருவில் தங்கியிருக்கிறது; அதன் கருத்தடையும் தடுப்பூசியும், அது செய்யும் சேதமும் உங்கள் கணக்கில்தான் வர வேண்டும். சோறு வைக்கும் நல்ல மனத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதும் சரிதான், ஆனால் அந்த நன்றியோடு இந்தப் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடையவர் யார் என்று தெரியாவிட்டால் எளிய வழி ஒன்று உண்டு. அஞ்சாமல் கைக்கு வரும் பூனையாக இருந்தால், ஒரு தாள் பட்டையில் "இந்தப் பூனை உங்களுடையதா? இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, கழுத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகச் சுற்றி, இழுத்தால் எளிதில் கிழியும் வகையில் சிறிதளவு ஒட்டுத்தாளால் ஒட்டி விடுங்கள். வீடு உள்ள பூனையாக இருந்தால் சில நாட்களில் பதில் வந்துவிடும். எங்கள் வரிசையில் இப்படிச் செய்தபோது, ஒரே பூனையை மூன்று வீட்டார் மூன்று பெயர்களில் வளர்த்துவந்தது தெரியவந்தது. மூவரும் சேர்ந்து அதன் கருத்தடைச் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு காதின் நுனி நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தால், அது ஏற்கெனவே கருத்தடை செய்து விடப்பட்ட பூனை என்பதற்கான அடையாளம். அதைக் காயம் என்று எண்ண வேண்டாம்.

வளர்ப்பவர் தம் பூனைக்கு அடையாளம் இட்டுவைப்பது இரு தரப்புக்கும் நல்லது. ஒரே தெருவில் இரண்டு மஞ்சள் பூனைகள் இருக்கும்போது ஒன்றின் குற்றம் மற்றொன்றின் தலையில் விழுவது வெகு சாதாரணம். எதிலாவது மாட்டிக்கொண்டால் தானாகக் கழன்றுவிடும் பூட்டுள்ள கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண்ணை எழுதுங்கள். நாய்க்குக் கட்டும் தோல்வாரைப் பூனைக்குக் கட்டினால், வேலிக் கம்பியில் மாட்டி உயிரே போகக்கூடும். கால்நடை மருத்துவரிடம் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்திக்கொள்வது இன்னும் உறுதியானது. பட்டை கழன்று போனாலும் அது போகாது.

வளர்ப்பவர் செய்ய வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முன்னால் கருத்தடை. நம் ஊரில் எல்லாரும் கெம்பிரி என்றே சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு வரும் புகார்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்: இரவு முழுவதும் அலறல், கேட்டிலும் செருப்பு அலமாரியிலும் மூக்கைத் துளைக்கும் சிறுநீர் வாடை, கடுவன்களின் சண்டை, சாக்கடை ஓரத்தில் கத்தும் குட்டிகள். இவை ஏறத்தாழ அனைத்தும் கருத்தடை செய்யப்படாத பூனைகளால் வருபவை. பகற்பொழுதின் நீளத்தைப் பொறுத்தே பூனைகளின் இனப்பெருக்கப் பருவம் அமைகிறது; குளிர்நாடுகளில் அது சில மாதங்களுக்கு அடங்கியிருக்கும், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் நாட்டிலோ பகல் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதால் பெட்டைப் பூனை எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரும், இணையாவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் வரும். நான்கைந்து மாதக் குட்டியே கருத்தரிக்க முடியும். கருக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்கள். "ஒரு முறை குட்டி போடட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருப்பதால் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிடலாம்.

கடுவனுக்குக் கருத்தடை செய்தால், பத்தில் ஏறத்தாழ ஒன்பது கடுவன்களில் சிறுநீர் பீய்ச்சும் பழக்கம் நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். ஆனால் அறுவைக்குப் பிறகும் சில வாரங்களுக்கு அது கருத்தரிக்கச் செய்யும் ஆற்றலோடு இருக்கலாம் என்பதால், அந்தக் காலத்தில் அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். செலவு பெரிதாகத் தோன்றினால் ஒரு தனியார் மருத்துவமனையில் விலை கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்திலும், விலங்கு நல அமைப்புகள் நடத்தும் குறைந்த கட்டண நிலையங்களிலும் விசாரியுங்கள். ஐந்தாறு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் ஒரு வேனில் ஈப்போவுக்குக் கொண்டுபோனால் பயணச் செலவாவது மிஞ்சும். முஸ்லிம் அண்டை வீட்டார் சிலருக்கு இது சமயத்துக்கு ஆகுமா என்ற தயக்கம் இருக்கலாம். நன்மை கருதிச் செய்யும் கருத்தடை ஆகுமானது என்றே நம் நாட்டுத் தேசிய ஃபத்வா மன்றம் கூறியிருக்கிறது. இருந்தாலும் இதை நாம் போய் அவர்களுக்குப் போதிப்பதைவிட, அவர்கள் தங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்வதே முறை.

இரண்டாவதாக, பூனையின் கழிப்பிடம் உங்கள் கூரையின் கீழ் இருக்க வேண்டும். பூனை அடுத்த வீட்டுப் பாத்திக்குப் போவது பழிவாங்குவதற்காக இல்லை. உலர்ந்து பொலபொலவென்று இருக்கும் மண்ணைத் தோண்டி மூடுவது அதன் இயல்பு. உங்கள் வீட்டில் அத்தகைய மண் இல்லாவிட்டால், இருக்கும் இடத்தை அது தேடிப் போகத்தான் செய்யும். பின்கட்டில், சமையலுக்கும் அதன் உணவுக்கும் தள்ளி, மழைச்சாரல் படாத இடத்தில் ஓர் அகன்ற தட்டில் பூனை மணலை நான்கு விரல் உயரத்துக்கு நிரப்பி வையுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு அதிகமாக இருப்பது நல்லது. மலத்தை நாள்தோறும் அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். நாள்தோறும் அள்ளுவதற்கு வாடை மட்டுமே காரணம் இல்லை: பூனை மலத்தில் வெளிவரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள், வெளிவந்து ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகே நோய் தரும் நிலையை அடைகின்றன. கர்ப்பிணிப் பெண் உள்ள வீட்டாருக்குப் பூனை மலத்தைக் கண்டு வரும் அச்சம் வீண் அச்சம் இல்லை என்பதை வளர்ப்பவர் உணர வேண்டும்.

உணவை முற்றத்தில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். காலையும் மாலையும் வீட்டுக்குள் வைத்து, அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மிஞ்சிய சோறு எலியையும் ஊர்ப் பூனைகளையும் அழைக்கும், அவற்றுக்கும் சேர்த்து நீங்களே பதில் சொல்ல வேண்டிவரும். வெறும் சோறும் மீன் தலையும் பூனைக்குப் போதா. டாரின் என்ற சத்து இல்லாமல் அதன் கண்ணும் இதயமும் கெடும். அது இறைச்சியிலும் மீனிலும் கடையில் விற்கும் பூனைத் தீவனத்திலும் இருக்கிறது. வயிறு நிறைந்த பூனை அடுத்த வீட்டுச் சமையலறை சன்னலில் ஏறுவதும் குறையும்.

பொழுது சாயும்போது உணவு வைத்து, உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, விடியும்வரை வெளியே விடாதிருப்பதைப் பழக்கிக்கொண்டால், சண்டை, அலறல், காரின்மேல் படுக்கை, கோழிக்குஞ்சு திருட்டு ஆகிய நான்கும் பெருமளவு குறைந்துவிடும். முதல் ஒரு வாரம் கதவைப் பிறாண்டிக் கத்தும். அதற்காகத் திறந்துவிட்டால் கத்தினால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். ஒரு மரக்கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கமாகச் சுற்றி நிறுத்துங்கள். நகம் தீட்ட அது கிடைத்த பிறகு எங்கள் பூனை மோட்டார் இருக்கையின் பக்கம் போகவே இல்லை. முழுநேரமும் வீட்டுக்குள் வைக்க முடிந்தால் அதுவே ஆகச் சிறந்தது. தீபாவளியின்போதும் சீனப் புத்தாண்டின்போதும் பட்டாசுச் சத்தத்தில் பூனை மிரண்டு ஓடித் தொலைவது ஆண்டுதோறும் நடப்பதால், அந்த நாட்களிலாவது உள்ளே வையுங்கள்.

நம்மைப் போன்ற தோட்டப்புற ஊர்களில் பூனையைத் திரியவிடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. செம்பனை மரங்களின் அடியில் எலிகளுக்காக வைக்கப்படும் மருந்துக் கட்டிகளில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு இருக்கிறது. சில தோட்டங்கள் கூண்டு வைத்து ஆந்தைகளைக் குடியேற்றி எலியைக் கட்டுப்படுத்துகின்றன, ஆனால் நஞ்சு வைப்பதும் நின்றுவிடவில்லை. நஞ்சுண்டு தள்ளாடும் எலி பூனைக்கு எளிய இரை. அதைத் தின்ற பூனைக்குச் சில நாட்கள் கழித்து உடலுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். ஈறு வெளுத்து, மூச்சிரைத்து, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் கண்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோய், எலி மருந்தாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்து எலி மருந்தால் செத்த பூனைக்காகப் பக்கத்து வீட்டார்மேல் பழி விழுந்து, இரண்டு வீட்டுப் பெண்கள் தெருவில் மண் வாரித் தூற்றியதைப் பார்த்திருக்கிறேன். பூனை செத்துக் கிடந்தால், யாரையும் சுட்டுவதற்கு முன் மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

தொல்லைப்படுபவர் பேச வேண்டிய முறை

இரண்டாவது முறை நடந்தவுடனே பேசிவிடுங்கள். பத்தாவது முறை வரை பொறுத்திருந்து பேசப் போனால், நீங்கள் பேசப் போவதில்லை, வெடிக்கத்தான் போகிறீர்கள். கேட்பவருக்கோ அது முதல் முறையாகக் காதில் விழும் செய்தி. போவதற்கு முன் நாள், நேரம், என்ன நடந்தது, எந்த நிறப் பூனை என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைத் தாமான் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள். நூற்றைம்பது பேர் முன்னால் தலைகுனிய வைக்கப்பட்டவர் அதன்பின் பூனையைப் பற்றிப் பேச மாட்டார், தம் மானத்தைப் பற்றித்தான் பேசுவார்.

வேலை முடிந்து வந்து குளிக்கும் முன்போ, விளக்கேற்றும் நேரத்திலோ, மக்ரிப் தொழுகை நேரத்திலோ போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நல்ல நேரம். வயதுக்கேற்ற முறை வைத்து அழையுங்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அது அவருடைய பூனையாக இல்லாமல் இருக்கவும் இடம் விடுங்கள். "அண்ணே, ஒரு உதவி வேணும். மூணு நாளா எங்க கீரைப் பாத்தியில பூனை அசிங்கம் பண்ணிட்டுப் போகுது. நேத்துக் காலையில ஆறு மணிக்கு வெள்ளையும் கறுப்புமா ஒரு பூனையை நானே பார்த்தேன். அது உங்களதான்னு எனக்கு உறுதியாத் தெரியல, கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?" என்று நான் கேட்டபோது எந்த வீட்டாரும் வர மறுத்ததில்லை. தம் கண்ணால் பார்த்தவர் தாமே ஒரு வழி சொல்வார். "உங்க பூனையால நாங்க நிம்மதியா இருக்க முடியல" என்று தொடங்கினால், அவர் பூனைக்கு வழக்கறிஞராகிவிடுவார்.

மலாய்க்கார அண்டை வீட்டாரிடம் பேசும்போது, பூனை அவர்கள் சமய மரபில் அன்போடு நடத்தப்படும் உயிர் என்பதை நினைவில் வையுங்கள். பூனையைப் பழித்துப் பேசினால் கதவு மூடிவிடும். அதே நேரத்தில் பூனையின் மலமும் சிறுநீரும் அவர்களுக்கு நஜிஸ், அதாவது தொழுகைக்கு முன் கழுவி நீக்க வேண்டிய அசுத்தம். உங்கள் பூனை அவர்களுடைய கொடியில் உலரும் தெலெகோங்கின்மேல், அதாவது பெண்களின் தொழுகை உடையின்மேல், சிறுநீர் பீய்ச்சினால் அது வெறும் துணி அழுக்கு விஷயம் இல்லை. நம் வாசல் கோலத்தின்மேலோ துளசி மாடத்திலோ மலம் கிடந்தால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும். இந்த ஒப்புமையை மென்மையாக எடுத்துச் சொன்னால் இரு பக்கமும் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். "மிந்தா மாஃப், மக்சிக்" (மன்னியுங்கள், அம்மா) என்று தொடங்குவதில் நமக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது.

சேதத்துக்குப் பணம் கேட்பதானால், கடையில் விலை விசாரித்து, பழுது பார்க்கும் செலவை மட்டும் கேளுங்கள். ஐந்து ஆண்டு பழைய இருக்கைக்குப் புதிய மோட்டாரின் இருக்கை விலையைக் கேட்பது நியாயம் ஆகாது. காரில் உள்ள கீறல் எல்லாம் பூனை நகத்தால் வந்ததில்லை. உறுதி இல்லாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வளர்ப்பவர், கேட்கும் முன்பே கொடுக்க முன்வந்தால், பல வீட்டார் பணத்தை வாங்கவே மாட்டார்கள்.

உங்கள் முற்றத்தை நீங்களும் காத்துக்கொள்ளுங்கள்

வளர்ப்பவருடைய பூனை கட்டுக்குள் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. புதிதாகக் கொத்திய பாத்தியில் கோழிக்கூட்டுக் கம்பிவலையைப் படுக்கையாக விரித்து, ஓரங்களில் கல் வைத்து, கண்ணிகளின் ஊடே கீரையை வளரவிடுங்கள். தோண்ட முடியாத மண்ணைப் பூனை விட்டுவிடும். பூந்தொட்டியில் கூழாங்கல்லையோ தேங்காய் மட்டையையோ நெருக்கமாக அடுக்கலாம். மண்ணை ஈரமாக வைத்திருப்பதும் உதவும். பாத்தியில் கைவைக்கும்போது கையுறை அணியுங்கள், கீரையை ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். கோழிக்குஞ்சுகளையும் புறாக்களையும் மாலையில் கூட்டில் அடையுங்கள். மோட்டாரின்மேல் தடித்த உறை போடுங்கள்.

சிறுநீர் வாடை உள்ள இடத்தைக் குளோரின் கலந்த வெளுப்பானால் கழுவாதீர்கள். சிறுநீரோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சுப்புகை வரும். முதலில் நீரால் கழுவி, காடி (வினிகர்) கலந்த நீரால் துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். நொதி கலந்த துப்புரவு நீர்மம் கிடைத்தால் இன்னும் நல்லது. வாடை மிஞ்சினால் அதே இடத்துக்குப் பூனை திரும்ப வரும். நம் தாமான்களில் வீட்டுக்கு வீடு கேட்டின் அருகே தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வரிசையாக வைத்திருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பாட்டில்களைச் சுற்றியே பூனை மலம் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். மூடியில்லாத பாட்டிலாக இருந்தால் ஏடிஸ் கொசுவுக்குத்தான் அது உதவும்.

மிளகாய்த்தூள் தூவுவதும், அந்துருண்டைகளைப் பரப்புவதும், வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம். மிளகாய் பூனையின் கண்ணையும் பாதத்தையும் எரிக்கும். அந்துருண்டை பூனைக்கு மட்டுமல்லாமல், தவழும் குழந்தைக்கும் நஞ்சு. 2015 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது 772 ஆம் சட்டம், விலங்குக் கொடுமைக்கு 20,000 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 100,000 ரிங்கிட்டுக்கு மிகாமலும் அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கிறது. 2018 இல் கோம்பாக்கில் ஒரு சலவை நிலையத்தின் உலர்த்தும் இயந்திரத்துக்குள் சினைப்பூனையைப் போட்டுக் கொன்ற வழக்கில் குற்றவாளிகளுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. நஞ்சு வைப்பவர் அடுத்த வீட்டுப் பூனைக்கு மட்டும் வைப்பதில்லை. அதைக் குழந்தை எடுத்துத் தின்னலாம், தெருநாய் தின்னலாம், கோழி கொத்தலாம்.

சாக்கில் கட்டிச் செம்பனைத் தோட்டத்திலோ பாசாரிலோ (சந்தையிலோ) விட்டு வருவதையும் பலர் கருணையான வழி என்று எண்ணுகிறார்கள். வீட்டில் வளர்ந்த பூனை அங்கே பட்டினியாலும் நாய்களாலும் நஞ்சாலும் சாகும். அது மற்றவருடைய பூனையாக இருந்தால், அந்த வீட்டுக் குழந்தைகள் தெருத்தெருவாகப் பெயர் சொல்லி அழைத்துத் தேடுவதை நீங்கள் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே கேட்க வேண்டியிருக்கும். நான் கேட்டிருக்கிறேன், விட்டு வந்தவர் அருகில் நின்றுகொண்டிருந்தார், அவரால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை.

பூனை கடித்துவிட்டால் வழக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குப் போங்கள். பூனைப் பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் மேலே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் கட்டும். சரவாக்கில் 2017 முதல் வெறிநோய் பரவியதையும் நினைவில் வைத்து, கடித்த பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று வளர்ப்பவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். பூனையின் மூக்கிலோ பாதத்திலோ ஆறாத புண் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். ஸ்போரோத்ரிகோசிஸ் என்ற பூஞ்சைநோய் நம் நாட்டில் பூனைகளின் நகக்கீறல் வழியே மனிதருக்கு வருகிறது.

இரண்டு முறை பேசியும் தீராவிட்டால்

மூன்றாவது முறை தனியாகப் போகாதீர்கள். இருவரும் மதிக்கும் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். கோயில் தலைவராக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். அடுத்த படி ருக்குன் தெத்தாங்கா. 1975 இல் தொடங்கிய இந்த அமைப்பு இரவுக் காவலுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அக்கம்பக்கச் சச்சரவுகளில் இணக்கம் காண உதவுவதும் அதன் பணிதான். அரசாங்க ஒற்றுமைத் துறையின் பயிற்சி பெற்ற சமூக நடுவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. அவர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை, இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, இருவரும் ஒப்பும் வழியைக் காண உதவுகிறார்கள். பூனை வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரே வீட்டில் இருபது பூனைகளை அடைத்துவைத்து, வாடையும் ஈயும் தெருவையே நிறைக்கும் நிலை என்றால் அது நகராண்மைக் கழகத்துக்கு உரிய விஷயம். பொதுத் தொல்லைகளை அகற்றும் அதிகாரம் 1976 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் அதற்கு இருக்கிறது. அந்தப் பூனைகள் பட்டினியாகவோ நோயுற்றோ கிடந்தால் கால்நடைச் சேவைத் துறையிடம் சொல்லுங்கள். நாய்க்கு உரிமம் வேண்டும் என்பதுபோல் பூனைக்கும் இருக்கும் என்று எண்ணி, உரிமம் இல்லை என்று புகார் எழுதுபவர்கள் உண்டு; பெரும்பாலான ஊராட்சிகளில் பூனைக்கு அத்தகைய உரிமம் இல்லை. பிடித்துச் செல்லும்படி கேட்டால் பிடிபடுவது எந்தப் பூனை என்பதும், அதற்குப் பின் என்ன நடக்கும் என்பதும் உங்கள் கையில் இருக்காது. 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சேதத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவை நாடலாம். ஆனால் எந்தப் பூனை, எந்த நாள், எவ்வளவு சேதம் என்பதை நீங்கள்தான் நிறுவ வேண்டும். அடுத்த முப்பது ஆண்டுகள் அதே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழப் போகிறவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஒப்புக்கொண்டதை எழுதிக்கொள்ளுங்கள், பெரிய பத்திரம் வேண்டியதில்லை. கருத்தடை எந்த மாதத்துக்குள், இரவில் எத்தனை மணியிலிருந்து பூனை உள்ளே, பாத்திக்கு வலை வாங்கும் செலவு யாருடையது, மீண்டும் நடந்தால் முதலில் யாரை அழைப்பது என்ற நான்கு வரிகள் போதும். ஆறு வாரம் கழித்து ஒரு நாள் குறித்து மீண்டும் பாருங்கள். பழக்கம் மாற அவ்வளவு காலம் பிடிக்கும். இரண்டாம் வாரத்தில் ஒரு முறை தவறினால் ஒப்பந்தம் முறிந்தது என்று பொருள் கொள்ள வேண்டாம்.

வாடகைக்கு இருந்தவர் வீடு காலி செய்து பூனையை மட்டும் விட்டுப் போவது இப்போது அடிக்கடி நடக்கிறது. எங்கள் வரிசையில் வீட்டைக் காலி செய்யும் செய்தி கேட்டவுடனே, பூனையை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று யாராவது ஒருவர் கேட்டுவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். கொண்டுபோக முடியாது என்றால், லாரி வருவதற்கு முன்பே படமும் வயதும் கருத்தடை விவரமும் சேர்த்துத் தெரிந்தவர்களிடம் சொல்லி வீடு தேடித் தரச் சொல்கிறோம். போன பங்குனியில் அப்படிக் கேட்டதால் ஒரு தாய்ப்பூனையும் அதன் இரண்டு குட்டிகளும் பாசார் மீன் கடைக்காரர் வீட்டுக்குப் போயின. அவர் முதலில் கேட்டது, இவற்றுக்குக் கெம்பிரி ஆகிவிட்டதா என்பதைத்தான்.